அழுகைக்கு மைக் பிடித்த அக்கா

பிள்ளை அழுதால் எல்லோரும் "அழாதே" என்றுதான் சொல்வார்கள். "நல்லா அழு, இன்னும் கொஞ்சம் சத்தமா" என்று சொன்ன ஒரே ஆளை நான் குற்றாலத்தில்தான் பார்த்தேன். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தென்காசியிலிருந்து ஐந்தருவி வரைக்கும் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா.

சீசன் வந்துவிட்டால் அக்காவுக்கு ஐந்தருவிக் கரையில் வேலை. சாரலுக்குத் தகரக் கூரை போட்ட சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக். வெளியே கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர்கள். வழுக்கும் இடத்தில் ஓடாதீர்கள், நகைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். மற்ற மாதங்களில் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் கோயில் கொடை விழாவையும் அறிவித்தபடி ஊர் சுற்றுவாள். எங்கள் தெருவுக்குள் அந்த ஆட்டோ நுழைந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கவும் மாட்டாள். "சேலைகள் மலிவு விலையில்" என்பதோடு நிறுத்தாமல், "சாயம் போனா எங்கிட்ட வந்து கேளுங்க" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிடுவாள். கடைக்காரருக்குப் பகீரென்று இருக்கும். ஆனாலும் அடுத்த வருஷமும் அவளைத்தான் கூப்பிடுவார்.

இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அவள் ஆசையாகச் செய்த வேலை, தொலைந்துபோன பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்ப்பது. குற்றாலத்தில் பிள்ளைகள் தொலைவதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆண்கள் குளிக்க ஒரு பக்கம், பெண்கள் குளிக்க ஒரு பக்கம். பையன் அப்பாவோடு இருப்பான் என்று அம்மா நினைத்துக்கொள்வாள். அம்மாவோடு இருப்பான் என்று அப்பா நினைத்துக்கொள்வார். இரண்டு பேரும் தலையில் தேய்த்த எண்ணெய் போக ஆனந்தமாக அருவிக்குக் கீழே நிற்பார்கள். நடுவில் ஈரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஜீவன் முழித்துக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு பிள்ளை வந்தால் அக்கா பேரும் ஊரும் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டாள். பயந்துபோன பிள்ளையிடம் பேரைக் கேட்டால் "பாப்பா" என்னும். அப்பா பேரைக் கேட்டால் "அப்பா" என்னும். அதனால் பிள்ளையைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்து, ஒரு வாய் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்து, அது முழுங்கியதும் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இப்ப அழு, நல்லா அழு" என்பாள். அழுகை அருவிச் சத்தத்தையும் தாண்டிக்கொண்டு மலையடிவாரம் வரை போகும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி ஈரச் சேலையோடு ஓடி வருவாள். சில நேரம் ஒரே அழுகைக்கு நாலைந்து அம்மாக்கள் மூச்சிரைக்க வந்து நிற்பதும் உண்டு. மற்றவர்கள் தங்கள் பிள்ளை தங்கள் இடுப்பிலேயே இருப்பதைப் பார்த்து அசடு வழியத் திரும்பிப் போவார்கள்.

"ஒரே பேரு ஊரு முழுக்க இருக்கும்ட்டி. அழுகை மட்டும் ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான்" என்பாள் அக்கா.

அடங்கின குரலைக் கண்டாலே அவளுக்குப் பொறுக்காது. செங்கோட்டை பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தை முணுமுணுத்தாள். பின் சீட்டிலிருந்து அக்கா, ஊர்ப் பேரைச் சொல்ல என்ன வெட்கம் என்று அதட்டி, மறுபடி சொல்லவைத்தாள். அந்தப் பெண் இரண்டாவது முறை சொன்னபோது டிரைவரே திரும்பிப் பார்த்தார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணிடம் போய், "சிரிப்பு வந்தா பல்லு தெரியச் சிரிட்டி, போட்டோக்காரன் தின்னுற மாட்டான்" என்று சொல்லிவிட்டு வருவாள்.

இந்த ஊர் உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் அவள் சத்தமாகப் பேசச் சொல்லவில்லை. அது அவளுடைய வீட்டுக்காரர். பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கும் அந்த மனிதரின் குரலைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கேட்டதில்லை. நான் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர்தான் அடுப்படியில் நின்று சுக்குக் காப்பி போட்டார். காப்பி தயாரானதும் கூப்பிடவில்லை, கரண்டியால் டம்ளரில் இரண்டு தட்டு தட்டினார். பேசிக்கொண்டிருந்த அக்கா பாதியில் எழுந்து போய் டம்ளர்களை வாங்கி வந்தாள். நான் சிரிப்பதைப் பார்த்து, "அவருக்குச் சத்தம் அவ்வளவுதான். அடக்கி வைக்கல, இருக்கதே அவ்வளவுதான்" என்றாள். இந்த வித்தியாசத்தை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் அப்போது தென்காசியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இயங்கிய சின்ன அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கான கதைப்புத்தகங்கள்தான், ஆனால் டேப்லெட்டில் பார்க்கிறவை. படத்தில் இருக்கும் ஆளை விரலால் தொட்டால் அவர் அசைவார், பேசுவார். சென்னையில் ஒரு நிறுவனம் கதையையும் வசனத்தையும் எழுதி அனுப்பும். நாங்கள் படமும் குரலும் சேர்த்து அனுப்ப வேண்டும். எங்கள் முதலாளி என்னைவிட இளையவர், நல்ல மனுஷன், நகம் கடிக்கிறவர். இந்த முதல் வேலை சென்னைக்காரர்களுக்குப் பிடிக்காமல் போனால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று தினமும் காலையில் எங்களுக்கு ஞாபகப்படுத்துவார்.

கதை என்னவோ எங்கள் ஊர்க் கதைதான். ஒரு குடும்பம் அருவிக்குப் போகிறது. அம்மாவைத் தொட்டால் கரண்டியோடு திரும்பி, "சாப்பிட வாங்க" என்பாள். அப்பாவைத் தொட்டால் கார் சாவியைச் சுழற்றி, "நான் பாத்துக்கறேன்" என்பார். அக்காள்காரப் பெண்ணைத் தொட்டால் இமையைப் படபடவென்று அடித்து, மெல்லச் சிரித்து, "ஐ, பட்டாம்பூச்சி" என்பாள். அவ்வளவுதான் அவளுக்கு. தம்பிப் பையனைத் தொட்டால் ஓடுவான், தாவுவான், பாறையில் வழுக்கி விழுவான். முழங்காலில் சிவப்பாக ஒரு கோடு வரும். உடனே எழுந்து நின்று, "நான் ஆம்பளைப் பிள்ளை, அழமாட்டேன்" என்பான். அந்தப் பெண்ணுக்கு இமையைக் கூடக் கொஞ்சம் நீளமாக வரைந்தவள் நான்தான். நன்றாகத்தான் இருந்தது.

தற்காலிகமாக முதலாளியின் குரலையே போட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டேப்லெட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மகன் முகிலுக்கு அப்போது நாலு வயது. இரண்டு நாளாக அந்தப் பையனை விழவைத்துக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் வாசலில் சைக்கிளோடு அவனே விழுந்தான். முழங்காலில் தோல் வழண்டு ரத்தம் வந்தது. நான் ஓடிப் போய்த் தூக்கினால், உதடு துடிக்கிறது, கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, என் முகத்தைப் பார்த்து, "நான் ஆம்பளைப் பிள்ளை, அழமாட்டேன்" என்கிறான். நான் டேப்லெட்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன். என் வீட்டுக்காரருக்கோ ஒரே பெருமை. அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். அவருடைய அப்பா இறந்த அன்றைக்கே பந்தல்காரனோடு கணக்காகப் பேசிக்கொண்டு நின்றவர். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

மறுநாள் முதலாளியிடம் அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எழுதினவர்கள் அவர்கள், அதில் கை வைக்க நாம் யார் என்று நகத்தைக் கடித்தார். அந்த வாரம்தான் குரல் பதிய மைக் அக்கா வந்தாள். அம்மா, பெண், பையன் மூன்று குரலும் அவள்தான். சாமான் அறையில் சுவரெல்லாம் மெத்தைகளைச் சாத்தி வைத்துப் பதிவு அறை செய்திருந்தோம். அக்காவின் முதல் வார்த்தையிலேயே சத்தம் அளக்கிற மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அவளை மைக்கைவிட்டுத் தள்ளித் தள்ளி, கடைசியில் கதவோரம் நிற்கவைத்தோம்.

பதிவுக்கு முன்னால் படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஆளாகத் தொட்டுப் பார்த்தாள். பெண்ணைத் தொட்டாள். இமை படபடத்தது. மறுபடி தொட்டாள்.

"ஏட்டி, இந்தப் பிள்ளை கண்ணுல எதும் விழுந்துட்டா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் அசடு வழிந்தேன். அடுத்து பையனைத் தொட்டாள். விழுந்தான், எழுந்தான், முதலாளியின் குரலில் அந்த வரியைச் சொன்னான். அக்காவின் முகம் மாறிவிட்டது. டேப்லெட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"தம்பி, இத நான் சொல்ல மாட்டேன்."

ஒரே ஒரு வரிதானே என்று முதலாளி கெஞ்சினார். இது போனால் ஆபீஸே போய்விடும் என்றார். அக்கா அவரை உட்காரச் சொன்னாள். தானும் உட்கார்ந்தாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே அந்த ஒருமுறைதான்.

போன சீசனில் ராயகிரிப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பத்தில் ஐந்து வயசுப் பையன் ஒருவன் தொலைந்துவிட்டான். சிப்ஸ் கடை ஓரமாக, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, யாருக்கோ காத்திருக்கிற பெரிய மனுஷன் மாதிரி நின்றிருக்கிறான். அழுதிருந்தால் போகிற வருகிறவர்கள் யாராவது என்னவென்று கேட்டிருப்பார்கள். அழவில்லை, அதனால் அவன் தொலைந்த பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் சந்தேகப்பட்டு அவனை அக்காவிடம் கூட்டி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பெற்றவர்கள் ஒவ்வோர் அருவியாகத் தேடி எங்கேயோ போய்விட்டார்கள். அக்கா மைக்கை நீட்டினாள். சத்தம் வரவில்லை. ஊர் கேட்டாள், பேர் கேட்டாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று அவன் திறக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று சொன்னான்.

"அழுதா எங்கப்பா பொட்டப்பிள்ளன்னு சொல்லுவாருன்னான்" என்றாள் அக்கா. "விளக்கு வச்ச பொறவுதான் அவங்க வந்து சேந்தாவ. அவம்மா நெஞ்சுல அடிச்சிட்டு அழுதா. அப்பவும் அவன் அழல தம்பி. அந்தப் பய கடைசிவரைக்கும் அழல. அதுதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது. அவனுக்கு யாரோ ஒரு வரிதான் சொல்லியிருக்காவ."

முதலாளி நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தார். பிறகு மெதுவாக, விழுந்த பையன் ஏதாவது செய்ய வேண்டுமே அக்கா, வேறு என்ன செய்வான் என்று கேட்டார்.

"அழுவான். வேற என்ன செய்வான்?" என்று சொல்லி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த அழுகையை எப்படிச் சொல்ல? தொண்டையில் ஆரம்பிக்காமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. முதலில் ஒரு விக்கல், அப்புறம் நீண்ட இழுப்பு, உச்சியில் ஒரு வளைவு, கடைசியில் "நான் இங்கன இருக்கேன்" என்று ஒரு கூப்பாடு. மெத்தைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கீழே ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், யாரோ பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்கள் என்று மாடியேறி வந்துவிட்டார்கள். அறையைத் திறந்து காட்டியும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த அக்காவைப் பார்த்து, அவர்களில் ஒருத்தி, "ஆட்டோல வார அக்கால்லா" என்று கண்டுபிடித்தபிறகு ஒரே சிரிப்பு.

அந்த அழுகையைக் கேட்டபின் நான் சும்மா இருக்க முடியுமா? படத்தை மாற்றினேன். பையன் அழுதால் எல்லோரும் ஓடி வருகிறார்கள். முதலில் வருகிறவள் அந்தப் பெண், அவள் இமையைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். பட்டாம்பூச்சியை விட்டுவிட்டு, பாறையைத் தாண்டிக் குதித்து, "ஏலே, நான் வாரேன்" என்று கத்திக்கொண்டு வருகிறாள். அந்தக் கத்தலை அக்கா அனுபவித்துச் செய்தாள். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வருகிறாள். அப்பாதான் கடைசி. அவருக்கு என்ன வசனம், யார் குரல் என்று குழம்பியபோது, மறுநாள் அக்கா தன் வீட்டுக்காரரையே கூட்டி வந்துவிட்டாள்.

சென்னைக்காரர்கள் அப்பாவுக்குக் கம்பீரமான குரல் கேட்டிருந்தார்கள். வந்தவரோ வணக்கம் சொன்னதே எங்களுக்குக் கேட்கவில்லை. மைக்கை அவர் உதட்டோடு ஒட்டி வைத்தோம். அக்கா கொசு விரட்டுகிற மாதிரி கையை ஆட்டி எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் செய்தாள். அவர் ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு, "வலிக்கா? காட்டு" என்றார். இரண்டே வார்த்தை. எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் அப்படி என்னிடம் கேட்டதில்லை, அதனால்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து போனில் நிறையக் குறை சொன்னார்கள். அம்மா கையில் கரண்டி திரும்பி வந்தது. பெண்ணின் இமையும் பழையபடி கொஞ்சம் வளர்ந்தது. ஆனால் அழுகையை அவர்களால் எடுக்க முடியவில்லை. அவர்கள் அலுவலகத்துக்கு வந்த பிள்ளைகள் வேறு எதையும் தொடாமல், அந்தப் பையனையே தொட்டு அழவைத்து, எல்லோரும் ஓடி வருவதைப் பார்த்துக் கைதட்டினார்களாம். வேலை நிலைத்தது. முதலாளி எங்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார், அக்காவுக்கு ரெட்டைப் பங்கு.

எங்கள் வீட்டில்தான் தொல்லை. முகில் அந்த அழுகையை ராகம் பிசகாமல் படித்துக்கொண்டான். விக்கல், இழுப்பு, வளைவு எல்லாம் அப்படியே. சும்மா உட்கார்ந்து அழுது பழகுவான். என் வீட்டுக்காரர் விசில் ஊதுகிற முகத்தோடு, ஒரு பயலைக் கெடுத்து வைத்துவிட்டீர்கள் என்று என்னையும் முகம் தெரியாத அக்காவையும் சேர்த்துத் திட்டினார்.

அடுத்த சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். நான் பெண்கள் பக்கம் போகும்போது முகில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தான். என் வீட்டுக்காரர், "ஆம்பளப் பயலுக்கு அங்கன என்ன வேல, இங்கன வா" என்று கூப்பிட்டார். அவன் போனான். போய்ச் சேர்ந்தானா என்று நான் பார்க்கவில்லை. என்னோடு வந்துவிட்டான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அத்தனை பிள்ளைகள் தொலைகிற கதையைக் கேட்டவள் நான், அதே கதைக்குள் கால் வைத்தேன். குளித்து முடித்து வெளியே வந்தால், எதிரே துண்டைப் பிழிந்துகொண்டு அவர் மட்டும் வருகிறார்.

"பய எங்க?" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அருவி இரைச்சலில் நான் கூப்பிட்ட பெயர் எனக்கே கேட்கவில்லை. தடாகத்துப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. அப்போது கம்பத்து ஸ்பீக்கரில் ஒரு விக்கல் கேட்டது. அப்புறம் நீண்ட இழுப்பு, உச்சியில் அந்த வளைவு. "நான் இங்கன இருக்கேன்."

ஐந்து அருவிகளையும் தாண்டிக்கொண்டு என் பிள்ளை அழுதான். நான் ஓடினேன். வழுக்கும் இடத்தில் ஓடாதீர்கள் என்று அக்கா வருஷக்கணக்காகச் சொன்னதையெல்லாம் மீறிக்கொண்டு, எனக்கு முன்னால் அவர் ஓடினார்.

தகர அறையில் மேசைமேல் முகில் உட்கார்ந்திருந்தான், கையில் சிப்ஸ். எங்களைப் பார்த்ததும் டப்பென்று நிறுத்திவிட்டான். "டேப்ல அந்தப் பையன் அழுதா எல்லாரும் வருவாங்கல்லாம்மா, அதான் அழுதேன்" என்று விளக்கம் சொன்னான். மைக்கைக் கையில் வைத்திருந்த அக்கா என்னைப் பார்த்து, "ஒம் பயலாட்டி? அதான, என் ராகமால்லா இருக்கு" என்றாள்.

என் வீட்டுக்காரர் அவனைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அருவித் தண்ணி" என்றார், யாரும் கேட்காமலே.

"அருவித் தண்ணி இவ்வளவு சூடாவா தம்பி இருக்கும்?" என்றாள் அக்கா. "அழுங்க. மைக்க அணைச்சிட்டேன்."

அவ்வளவுதான், மனுஷன் உடைந்துவிட்டார். பழக்கமில்லாத அழுகை, எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டு வந்தது. நடுவில் "அப்பா" என்றுகூட ஒருமுறை சொன்னார், அது முகிலைக் கூப்பிட்டதல்ல. முகில் பயப்படவில்லை. சிப்ஸ் கையால் அவர் கன்னத்தைத் தடவி, "வலிக்காப்பா? காட்டு" என்றான்.

வெகுநேரம் கழித்து, கண்ணெல்லாம் சிவக்க, மூன்று பேருமாக இறங்கி வந்தோம். கீழே பஜ்ஜிக் கடையில் நின்றவர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். ஒரு மிளகாய் பஜ்ஜியை எடுத்துத் தாளில் வைத்து அவரிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றார். "நல்லா அழுதிய. ஸ்பீக்கர்ல இங்கன வரைக்கும் கேட்டுது."